புள்ளி மேலே இருக்கவேண்டும்

அத்தியாயம் பதினேழு

வேலைக்குப் புறப்படுமுன் எலிசா கணவனிடம் கேட்டது இரண்டே இரண்டு காரியம்.

"மாதா சொரூபம் வரட்டும். ஒரு கிழமை என்ன, ஒரு மாதம் எண்டாலும் இருக்கட்டும். ஆனா ஹோலுக்குள்ளதான் வைக்கவேணும். என்ர சின்ன அறைக்குள்ள ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது."

அருமைராசா தலையாட்டினார். போன கிழமை அந்தத் தலையாட்டலோடு நிறுத்தியிருந்தோம். அந்தத் தலையை நம்பித்தான் எலிசா சனிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, மொன்றியல் விமான நிலையம் இருக்கும் டோர்வலுக்கு வேலைக்குப் போனாள்.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் அது. குளிர் அறையில் நான்கு பாகை. கம்பளிக் கையுறை, அதற்கு மேல் ரப்பர் கையுறை, அப்படியும் விரல் விறைக்கும். தட்டில் பாண் இடப்பக்கம், வெண்ணெய் வலப்பக்கம், கரண்டிப் பொதி குறுக்கே. பதினொரு வருடமாக இதுதான். ஒரு தட்டில் வெண்ணெய் இடம் மாறினால் மேற்பார்வைக்காரி வரிசை முழுவதையும் நிறுத்திவிடுவாள். வைத்த பொருளை வைத்த இடத்தில் விட்டுவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எலிசாவுக்கு அங்கே படிப்பித்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரருக்குத்தான் படிப்பிக்க ஆள் இல்லை.

அந்தச் சின்ன அறையைப் பற்றிப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ட் லோரன்டில் மூன்றாம் மாடி வாடகை வீடு. சமையலறைக்குப் பக்கத்தில், முந்தி அரிசி மூட்டையும் பனிக்காலச் சப்பாத்தும் கிடந்த அறை. மூன்று வருடத்துக்கு முன் மகள் சஜிதா ஆசைப்பட்டு ஒரு சிறுத்தைப் பல்லியை வாங்கி வந்தாள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் பொட்டுகள், கொழுத்த வால். சுவரில் ஏறத் தெரியாத பல்லி. கண்ணுக்கு இமை உண்டு. கூட்டுக்கு முன்னால் போய் நின்றால் தலையை நிமிர்த்தி, நம்மைப் பார்த்து மெதுவாக இமை வெட்டும். மூன்றே மாதத்தில் சஜிதாவுக்கு அலுத்துப்போயிற்று. எலிசாவுக்கு அலுக்கவில்லை. பதினொரு வருடத்தில் மேற்பார்வைக்காரி ஒரு நாளும் அவளை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை.

இன்றைக்குப் பன்னிரண்டு உருப்படி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கண்ணாடிக் கூடு, அடியில் சூட்டுத் தகடு, நனைந்த பஞ்சு வைத்த பதுங்கிடம். பிறிஜ்ஜின் கீழ்த்தட்டில் தவிட்டுக்குள் நெளியும் புழு டப்பா. எல்லாம் அவள் தனியாக, வேலையால் வந்து குளிர் விட்ட கையோடு செய்தது.

இவ்வளவும் ஒரு பக்கம். ஆறு முட்டைகள் மறுபக்கம்.

லவாலில் ஊர்வன வளர்க்கும் வின்சன்ட் என்ற கியூபெக்காரர், தன்னிடமிருந்த ஒரே ஆரஞ்சு நிற ஆணை மாசி மாதம் ஐந்து கிழமைக்கு எலிசாவிடம் விட்டிருந்தார். உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லாத ஆண். குஞ்சு பொரித்தால் முதல் இரண்டு அவருக்கு, அதுதான் பேச்சு. எழுத்து ஒன்றும் இல்லை. "உன் கை சுத்தம், மடாம். உன்னிடம் விடலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண் திரும்பிப் போய் மூன்றாம் கிழமை செத்துப்போயிற்று. ஆக, அதன் வித்து என்று இந்த உலகத்தில் மிஞ்சியது எலிசாவின் மூன்று பெட்டைகள் இட்ட ஆறு முட்டைகள் மட்டும். இன்று முப்பத்தோராவது நாள். இன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் வின்சன்ட் முட்டைகளைப் பார்க்க வருகிறார்.

கோழி தன் முட்டையை உருட்டி உருட்டி அடைகாக்கும். பல்லி முட்டையை உருட்டினால் தீர்ந்தது. இட்ட மறுநாளே கரு உச்சியில் ஒட்டிக்கொள்ளும். தலைகீழானால் உள்ளேயே மூழ்கிச் சாகும். அதனால்தான் ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் எலிசா பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். பூச்சாடிக்குப் போடும் பொன்னிறத் தூளை ஈரமாக்கி ஐஸ்கிறீம் டப்பாவில் பரப்பி, அதில் ஆறையும் பாதி புதைத்து, டப்பாவைச் சூட்டு வயர் ஓடும் வெள்ளை நுரைப் பெட்டிக்குள், ரெஜிபோம் பெட்டிக்குள், வைத்து மூடியிருந்தாள். மீன் வந்த பெட்டி. பெட்டி மூடியிலும் டப்பாவின் பக்கத்திலும் மூன்று பாசையில் எழுதி ஒட்டியிருந்தாள்: தொடாதே.

பிற்பகல் ஒன்றரைக்கு எலிசா படியேறியபோது இரண்டாம் மாடியிலேயே சாம்பிராணியும் தாளித்த கடலையும் மணத்தன.

கதவைத் திறந்தாள். ஹோலில் இருபது மடக்குக் கதிரை. மூலையில் ரெஜிபோம் பெட்டி. மூடி இல்லை. உள்ளே ஐஸ்கட்டி, ஐஸுக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு சோடாப் போத்தல்கள்.

அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சின்ன அறைக்கு ஓடினாள்.

கூடுகள் இருந்த தட்டில் நீலப் பட்டு உடுத்து மாதா நின்றாள். சுற்றிலும் மின்குமிழ் மாலை மின்னி மின்னி அணைந்தது. அந்த மாலையின் வயர் போய்ச் செருகியிருந்த இடத்தில்தான் காலையில் எலிசாவின் சூட்டு வயர்கள் இருந்தன. அவை இப்போது சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, தட்டின் கீழே.

எலிசா முதலில் சிலுவை போட்டாள். மாதாவோடு அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

பிறகு திரும்பினாள். "இஞ்சாருங்கோ."

அருமைராசா சமையலறையில் கடலைச் சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றார். கிண்ட வேண்டிய தேவை கடலைக்கு இல்லை.

"என்ர கூடுகள் எங்கை?"

"குளிக்கிற தொட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. ஒண்டுக்கும் ஒண்டும் இல்லை. எண்ணிப் பார்த்தனான்."

"முட்டை டப்பா?"

கரண்டி நின்றது. "அக்கா... அக்காவுக்குச் சோடா குளிரப் பண்ண ஒரு பெட்டி தேவைப்பட்டது. கடலை குடுத்துவிட டப்பாவும் போதாமப் போச்சு."

"முட்டை எங்கை எண்டு கேக்கிறன்."

"நான் கீழை காரில இருந்து கதிரை இறக்கிக்கொண்டு நிண்டனான், எலிசா. வந்து பார்க்க எல்லாம் முடிஞ்சுது. பல்கனியில ஒரு பை இருக்கெண்டு அக்கா சொன்னவா."

கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள் மேசையில் வரிசையாக இருந்தன. ஒன்றின் பக்கத்தில் ஒட்டுத்தாளைச் சுரண்டிய அடையாளம். தமிழும் பிரெஞ்சும் போய்விட்டன. ஆங்கிலம் பாதி மிஞ்சியிருந்தது.

பல்கனியில் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்ட கடைப் பை. மே மாதம் பிறந்து இருபது நாளாகியும் காற்றில் குளிர் மிச்சம் இருந்தது. எலிசா முழங்காலிட்டு முடிச்சை அவிழ்த்தாள். பழைய பத்திரிகை, அதற்குள் பொன்னிறத் தூள், தூளுக்குள் முட்டைகள். ஒன்றின் புள்ளி பக்கவாட்டில். இரண்டின் புள்ளி அடியில். ஒன்று உள்ளே அமுங்கிச் சொட்டையாகி இருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்தாள். புள்ளி மேலே வரத் திருப்பினாள். ஐந்து. பையைக் கிழித்துப் பார்த்தாள். தூளை விரலால் அரித்துப் பார்த்தாள். ஐந்துதான்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அக்னெஸ், அருமைராசாவின் அக்கா, கையில் கார்னேஷன் பூக்கட்டோடு மூச்சு வாங்க வந்து நின்றாள். முழங்கால் இரண்டும் தேய்ந்த மனுசி. விமான நிலையத்தில் பதினைந்து வருடம் நிலம் துடைத்ததில் தேய்ந்தவை. வருடத்தில் பதினொரு மாதம் யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மே மாதத்தில் மாதா எந்த வீட்டுக்கு எப்போது போவாள் என்று தீர்மானிப்பது அவள். அந்த மாதம் மட்டும் முழங்கால் நோவதில்லை.

"வந்திட்டீரோ எலிசா? முகத்தைக் கழுவிப்போட்டு வாரும். ஆறரைக்குச் சனம் வந்திடும்."

"மச்சாள், இந்த டப்பாவைக் கொட்டினது ஆர்?"

"நான்தான். பல்லி முட்டையைக் கையால தொட்டு, மூண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினனான்." அவளுக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. "மாதா வாற வீட்டில உதெல்லாம் இருக்கலாமோ?"

"தொடாதை எண்டு மூண்டு பாசையில எழுதி ஒட்டினனான்."

"வாசிச்சனான். வீட்டுக்கு வாற பிள்ளையளுக்கு எழுதினதாக்கும் எண்டு நினைச்சன்."

"ஹோலுக்குள்ள வைக்கச் சொன்னனான்."

"ஹோலில ரீவி இருக்கு." அக்னெஸ் பூவைத் தண்ணீரில் வைத்தாள். "போன கிழமை யோசெப்பினின்ர வீட்டில மாதாவுக்குத் தனி அறை, புதுத் திரைச்சீலை. என்ர தம்பி வீட்டில மட்டும் ரீவிக்குப் பக்கத்தில வைச்சா ஊர் என்ன சொல்லும்? இந்தப் பல்லி அறைக்கு என்ன குறை, நல்ல வெளிச்சம், ஒரு கதவு. நானும் தம்பியும் காலமை ஏழு மணியில இருந்து கூட்டித் துடைச்சு..."

"ஏழு மணியில இருந்தோ?"

"பின்னை? உம்மட பூச்சி புழு எல்லாத்தையும் ஆர் தூக்கினது? பிறிஜ்ஜுக்குள்ளயும் ஒரு டப்பா. சம்பலாக்கும் எண்டு திறந்தன். சேசுவே. இண்டைக்கு முழுக்க எனக்கு ஒண்டும் இறங்கேல்லை."

மற்ற நாளாக இருந்தால் எலிசா சிரித்திருப்பாள். சம்பல் டப்பாவில் புழு இருப்பதும், வெண்ணெய் டப்பாவில் மீன்குழம்பு இருப்பதும் மொன்றியலில் எந்தத் தமிழ் வீட்டில் இல்லை.

"மச்சாள்," என்றாள். சத்தம் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அக்னெஸ் பயந்திருக்கமாட்டாள். "நீங்கள் எயர்போட்டில ஒரு நிலத்தைத் துடைச்சு முடிச்ச உடன, ஒருத்தன் சேத்துச் சப்பாத்தோட அதில நடந்து போனா உங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

"அது வேலை."

"இதுவும் வேலை."

"உதுவோ?" அக்னெஸ் சிரித்தாள். "பல்லியைப் பிடிச்சுப் பெருக்கிறது வேலையோ? ஊரில ஈர்க்குக்கட்டையால தட்டிக் கலைக்கிறதை இஞ்சை சோடி சேர்த்துக் கலியாணம் கட்டி வைக்கிறீர். இருந்த ஒரு பிள்ளையையும் தனியா விட்டிட்டு..."

"என்ர பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. அவளை ஒருத்தரும் டப்பாவோட கொட்டேல்லை."

அருமைராசா இருமினார். "செபத்துக்குப் பிறகு கதைப்பம். பேந்து ஆறுதலாக் கதைப்பம்."

அவர் கனடாவுக்கு வந்தது அக்கா கையெழுத்துப் போட்டுக் கூப்பிட்டதால். பன்னிரண்டு வருடமாக எந்தச் சண்டையையும் அவர் பேந்து என்றுதான் தள்ளி வைத்திருக்கிறார்.

இரண்டு மணிக்குச் சஜிதா தெப்பனர் என்ற தெருமூலைச் சில்லறைக் கடையில் வேலை முடிந்து வந்தாள். ஹோலைப் பார்த்தாள், ரெஜிபோம் பெட்டியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

"மே நோன்," என்றாள், ஐயோ இல்லை என்று பிரெஞ்சில். "அம்மா, முட்டை?"

இருவரும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துவாயைச் செருகி, விளக்கை அணைத்தார்கள். தொட்டிக்குள் பன்னிரண்டு கூடும் ஒன்றன்மேல் ஒன்று. இருட்டில் ஏதோ ஒன்று கண்ணாடியைச் சுரண்டியது.

எலிசா சட்டைப்பையிலிருந்து சின்ன ரோச் விளக்கை எடுத்தாள். முட்டையை அசைக்காமல், பக்கத்தில் வெளிச்சத்தை வைக்கவேண்டும். உயிர் இருந்தால் ஓடு உள்ளிருந்து ரோசா நிறத்தில் பற்றும், நடுவில் சிவப்பு நரம்பு கிளை விட்டு ஓடும். உயிர் இல்லையென்றால் பழைய நெய் நிறம்.

முதலாவது ரோசா. இரண்டாவது ரோசா. மூன்றாவது, சொட்டை விழுந்தது, நெய். நான்காவது ரோசா, ஆனால் நரம்பு மெலிவு. ஐந்தாவது நெய்.

"மூண்டு இருக்கு," என்றாள் சஜிதா.

"இண்டைக்கு இருக்கு. உருண்டது சாகிறதெண்டா சாக ஒரு கிழமை எடுக்கும். அதுவரைக்கும் நரம்பு தெரியும்."

"ஆறாவது எங்கை?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை."

"வின்சன்டுக்கு என்ன சொல்லப்போறியள்?"

எலிசா எழுந்து விளக்கைப் போட்டாள். அந்த மனுசனின் முகம் நினைவுக்கு வந்தது. உன் கை சுத்தம் என்று சொன்னவர். அவள் கையில் ஒரு பிழையும் இல்லை. அதை எந்த வாயால் சொல்வது? என் வீட்டில் என் சொல்லுக்கு ஒரு பூட்டுக்கூட இல்லை என்று எந்தப் பாசையில் சொல்வது?

ஒரு சூட்டுத் தகட்டை முகம் கழுவும் இடத்துச் செருகியில் கொடுத்து, அதன்மேல் புது டப்பாவை வைத்து, ஐந்தையும் புதைத்து மூடினாள். நெய் நிறத்தையும் எறிய மனம் வரவில்லை. பிறகு முகம் கழுவி, சேலை உடுத்து, ஆறரைக்கு ஹோலுக்கு வந்தாள்.

இருபத்திரண்டு பேர். சின்ன அறைக் கதவுக்கு நேரே கதிரை வரிசை, இடம் போதாதவர்கள் சமையலறையில். அக்னெஸ் முன்னால் முழங்காலில் நின்று செபமாலையைத் தொடக்கினாள். மாலையின் ஐம்பது மணியும் ஓடி முடிந்தன. பிறகு மன்றாட்டு நேரம். யாருக்கு என்ன பாரமோ அதை வாய்விட்டுச் சொல்லலாம். மற்ற எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள்.

போன கிழமை மாதாவை வைத்திருந்த யோசெப்பின், தன் தங்கச்சியின் விசாவுக்காக மன்றாடினாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

யாரோ ஊரில் திரும்பவும் தொடங்கிய ஷெல்லடிக்காக மன்றாடினார்கள். காது மந்தமான கிழவர் ஒருவர் தன் சர்க்கரை வியாதிக்காக, எப்போதும்போல் நீட்டமாக மன்றாடினார்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

ஒரு இடைவெளி. அக்னெஸ் முடிவுச் செபத்துக்கு வாயைத் திறந்தாள். அந்த இடைவெளிக்குள் எலிசாவின் குரல் வந்தது. மன்றாட்டு நேரத்தில் ஒருநாளும் கேட்காத குரல்.

"வேலைக்குப் போன ஒரு மனுசியின்ர அறையை அவள் இல்லாத நேரம் பார்த்துத் திறந்தவைக்காக. அவள் மூண்டு வருசமாக் கைவிறைக்க விறைக்கப் பாடுபட்டு வளர்த்ததைக் கொண்டுபோய்க் குளிக்கிற தொட்டிக்குள்ள அடுக்கினவைக்காக. தொடாதை எண்டு எழுதினதை வாசிச்சுப்போட்டும் தொட்ட கைக்காக. கடலைக்கு ஒரு டப்பா வேணுமெண்டு ஆறு உயிரைக் கொட்டின அந்தக் கைக்கு, நல்ல புத்தியைக் குடுக்கச் சொல்லி, இஞ்சை வந்திருக்கிற எங்கட மாதாவின்ர பேரால உம்மை மன்றாடுறம்."

பழக்கம் என்பது பொல்லாதது. யாரும் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு தொண்டையும் ஒன்றாகத் திறந்தன.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அதில் எல்லோரையும்விடப் பலத்தது அருமைராசாவின் குரல்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று சனத்துக்கு உறைத்தது. ஒரு கதிரை கிரீச்சிட்டது. கடலைக்குக் காத்திருந்த பிள்ளை ஒன்று சிரித்து, தாயிடம் கிள்ளு வாங்கியது.

"ஆருக்காக எண்டது?" என்றார் காது மந்தமான கிழவர்.

"பேந்து சொல்லுறன், பேசாம இருங்கோ," என்றாள் யோசெப்பின்.

அக்னெஸின் கழுத்து சிவந்திருந்தது. முடிவுச் செபத்தில் இரண்டு வரி தவறவிட்டாள்.

கடலை பரிமாறினபோது நடந்ததை அவள் எதிர்பார்த்திருக்கமாட்டாள். சனம் குளியலறை வாசலில் வரிசை கட்டியது. பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு தொட்டிக்குள் தலையை விட்டார்கள். "இமை வெட்டுது பாருங்கோ," என்று யோசெப்பின் தன் புருசனை இழுத்தாள். "உண்மையாவே பார்க்குது. எலிசா, உது கடிக்குமோ?" ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மாதாவின் அறையில் ஐந்து நிமிடம் யாரும் இல்லை.

அக்னெஸ் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனாள். எலிசா பின்னால் போனாள்.

"சபையில வைச்சு என்னை உரிச்சுப்போட்டீர்," என்றாள் அக்னெஸ். கண் கலங்கியிருந்தது. எலிசாவுக்கு அதைப் பார்க்க ஒரு கணம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"நான் பேர் சொல்லேல்லை மச்சாள்."

"பேர் வேற வேணுமோ? நான் கொட்டினது சரி. பிழையெண்டா பிழை. எனக்கு உந்தப் புள்ளி, நரம்பு ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச ஆள் ஒருத்தன் பக்கத்தில நிண்டவன்." அவள் சப்பாத்துக்குள் காலைத் திணித்தாள். "உம்மட மனுசனைக் கேளும்."

"அவர் கீழை கதிரை இறக்கிக்கொண்டு நிண்டவர்."

அக்னெஸ் அவளைப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலாக இறங்கிப் போனாள்.

தம்பியை மாட்டிவிடப் பொய் சொல்கிறாள் என்று எலிசா நினைத்தாள். பாதிதான் நினைக்க முடிந்தது. காலை ஏழு மணியில் இருந்து நானும் தம்பியும் என்று மத்தியானம் அவளே சொன்னது இப்போது காதில் விழுந்தது.

ஏழே காலுக்குச் சனம் கலைந்தது. சஜிதா கதிரைகளை மடக்கி, சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கும் அலுமாரிக்குள் அடுக்கப் போனாள். போனவள் வரவில்லை.

"அம்மா. இஞ்சை வாங்கோ."

தாங்கியின் தலையில், இளஞ்சூடு நிற்கும் இடத்தில், ஒரு தேநீர்க் கோப்பை. அருமைராசா வேலை செய்யும் களஞ்சியத்தில் நத்தார்ப் பண்டிகைக்குப் பரிசாகக் கொடுத்த கோப்பை. காது உடைந்தது. அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் அதில் வாய் வைப்பதில்லை.

கோப்பையில் பொன்னிறத் தூள். தூள் ஈரமாக இருந்தது. அதில் பாதி புதைந்து ஒரு முட்டை. உச்சியில் நடுவாக, கோணாமல், பென்சில் புள்ளி.

சஜிதா ரோச்சை அடித்தாள். ரோசா. நரம்பு பளிச்சென்று ஓடியது. ஆறிலும் நல்லது அதுதான்.

எலிசா கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தாள். அருமைராசா கீழே சிந்திய கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கோப்பையைக் கண்டதும் அப்படியே இருந்துவிட்டார்.

"நீங்கள் கீழை கதிரை இறக்கிக்கொண்டு நிண்டனீங்கள்."

அவர் இன்னொரு கடலையைப் பொறுக்கினார்.

"சொல்லுங்கோ."

"கொட்டேக்குள்ள ஒண்டு உருண்டு அடுப்புக்குக் கீழை போயிட்டுது," என்றார் நிலத்தைப் பார்த்து. "அக்கா அதைக் காணேல்லை. அவா அங்கால போன பிறகு எடுத்தனான். புள்ளியைப் பார்த்து வைச்சனான். நீர் சொல்லித் தந்தபடிதான், தூளுக்குத் தண்ணியும் தெளிச்சு..."

"புள்ளி எதுக்கெண்டு தெரியும்."

"தெரியும்."

"உருண்டாச் சாகும் எண்டு தெரியும்."

"ஒண்டையெண்டாலும் காப்பாத்தினனான் தானே எலிசா."

"ஒண்டை எடுக்கத் தெரிஞ்ச கைக்கு டப்பாவைப் பிடிக்கத் தெரியாமப் போச்சோ?"

"அக்கா நிண்டவா."

"ஓம்," என்றாள் எலிசா. "அக்கா நிண்டவா. நான் நிக்கேல்லை. அவ்வளவுதான்."

இவ்வளவு நேரமும் அவளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது அக்னெஸின் பேரில். இருபத்திரண்டு பேரைச் சாட்சி வைத்து அவள் உரித்தது, ஒன்றும் தெரியாமல் கொட்டிய ஒரு தேய்ந்த முழங்கால்காரியை. எல்லாம் தெரிந்த மனிதன் மூன்றாம் வரிசையில் முழங்காலில் நின்று, கேட்டருளும் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கீழ்வாசல் மணி அடித்தது.

சஜிதா ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. "வின்சன்ட். கையில ஒரு பெட்டியும் வைச்சிருக்கிறார். குஞ்சு கொண்டுபோகிற பெட்டிபோல." அவள் கதவை நோக்கி ஒரு அடி வைத்தாள். "நான் போய்ச் சொல்லட்டோ அம்மா? பிரெஞ்சில நான் வடிவாச் சொல்லுவன்."

"நீ வாய் திறக்கக்கூடாது. நானும் திறக்கமாட்டன்."

எலிசா கோப்பையை நீட்டினாள். அருமைராசா கடலை ஒட்டிய கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"எனக்குப் பிரெஞ்சில பொன்ஜூரும் மெர்சியும்தானே தெரியும், எலிசா."

"தெரிஞ்ச பாசையில சொல்லுங்கோ. மற்ற அஞ்சுக்கும் என்ன நடந்தது, ஆர் பக்கத்தில நிண்டது, எல்லாம் சொல்லவேணும்." மணி இரண்டாம் தரம் அடித்தது. "நிண்டு யோசியாதையுங்கோ. படியில பார்த்து இறங்குங்கோ. புள்ளி மேல இருக்கவேணும்."